பாக்கின் 'மத்தேயு பாடுகள்' இசையை அந்தக் காலத்து முறையில் பாடுவதால் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா?

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், இயேசுவின் பாடுகளை, அதாவது அவர் பட்ட துன்பத்தையும் மரணத்தையும், மத்தேயு நற்செய்தியின்படி பாட்டாகச் சொல்லும் இசை இது. கேள்வி கேட்டவர் யூடியூபில் இதை இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறார். ஒன்றில் மேடை நிறையப் பாடகர்கள், பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, நிதானமான நடை. இன்னொன்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், மரப் புல்லாங்குழல், பழைய வகை வயலின்கள், விறுவிறுவென்று போகும் நடை. இரண்டாவதை 'வரலாற்று முறைப்படி' பாடியது என்கிறார்கள். இது நிஜமான வித்தியாசமா, ஆராய்ச்சியாளர்களின் பிடிவாதமா என்பது கேள்வி.

நிஜமான வித்தியாசம்தான். ஜெர்மனியில் ஒரு லுத்தரன் ஆலயத்தின் பாடகர் குழுவில் பேஸ் என்ற கீழ்க்குரல் பாடுகிறவன் நான். இந்த இசையை இரண்டு விதமாகவும் பாடியிருக்கிறேன். வேகமும் ஒலியும்தான் முதலில் காதில் விழும். ஆனால் கதையை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதே மாறிவிடுகிறது. என்னைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

பாக் இதைக் கச்சேரிக்காக எழுதவில்லை. லைப்சிக் நகரில் பெரிய வெள்ளிக்கிழமை மாலை ஆராதனைக்காக எழுதினார். முதன்முதலில் புனித தோமா ஆலயத்தில் 1727 ஏப்ரல் 11 அன்று பாடப்பட்டது என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்து. இரண்டு பாகங்கள், நடுவில் நீண்ட பிரசங்கம். பாடுவதும் எதிரெதிரான இரண்டு குழுக்கள். அவர் காலத்துக்குப் பிறகு பொதுமக்கள் காதிலிருந்து மறைந்துபோன இந்த இசையை 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் இசையமைப்பாளர் மெண்டல்சன் மீட்டுக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 20. அவர் இல்லாவிட்டால் நமக்கு இது இவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்காது. ஆனால் அன்று பாடியவர்கள் 150 பேருக்கு மேல். பல ஆரியாக்கள், அதாவது தனிப்பாடல்கள், வெட்டப்பட்டன. வழக்கொழிந்துபோன ஓபோ என்ற குழல் வகைகளுக்குப் பதில் கிளாரினெட் வந்தது. பாக் என்றாலே இப்படிப் பிரம்மாண்டமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வேர்விட்டு, நூறு வருடத்துக்கு மேல் நிலைத்துவிட்டது.

சரி, பாக்கிடம் எத்தனை பேர் இருந்தார்கள்? 1730 ஆகஸ்ட் 23 அன்று அவர் லைப்சிக் நகர மன்றத்துக்கு எழுதிய மனு கிடைத்திருக்கிறது. சொப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ் என்று மேலிருந்து கீழாக வரும் ஒவ்வொரு குரலுக்கும் குறைந்தது மூன்று பேர் வேண்டும், நான்கு பேர் இருந்தால் இன்னும் நல்லது என்கிறார். காரணமும் சொல்கிறார்: பாடுகிற பள்ளிப் பையன்களுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகிறது, பள்ளி மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டுகளே அதற்குச் சாட்சி. மாணவர்களைத் தரம் பிரித்து எண்ணியும் காட்டுகிறார். 17 பேர் உருப்படியாகப் பாடுவார்கள், 20 பேர் இன்னும் தேறவில்லை, 17 பேர் எதற்கும் ஆக மாட்டார்கள். இதைப் படிக்கும்போது மகா மேதை என்ற பிம்பம் விலகி, ஆள் பற்றாக்குறையோடு ஞாயிறுதோறும் மல்லுக்கட்டிய ஓர் ஆசிரியர் தெரிகிறார்.

மூன்று பேர் வேண்டும் என்று அவர் கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டு, குரலுக்கு மூன்று பேர் பாடினார்கள் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 1981-இல் ஜோஷுவா ரிஃப்கின் என்ற அமெரிக்க அறிஞர் வேறு கேள்வி கேட்டார்: பாடகர்கள் கையில் பிடித்துப் பாடிய தாள்கள் என்ன சொல்கின்றன? பாக்கின் படைப்புகளில் பலவற்றுக்கு அந்தக் கைப்பிரதித் தாள்கள் பிழைத்திருக்கின்றன. பெரும்பாலும் குரலுக்கு ஒரே ஒரு தாள்தான். அதிலேயே தனிப்பாடலும் குழுப்பாடலும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். 'இங்கே நீ நிறுத்து, மற்றவர்கள் பாடட்டும்' என்ற குறிப்பு கிடையாது. ஆகவே குரலுக்கு ஒருவர்தான் பாடினார் என்றார் ரிஃப்கின். பெரிய சண்டையே நடந்தது. இசை நடத்துநர்களில் ஆண்ட்ரூ பாரட் அவர் பக்கம் நின்றார். டோன் கோப்மன் கடுமையாக மறுத்தார், ஒரு தாளை மூன்று பேர் சேர்ந்து பார்த்துப் பாடியிருக்கலாமே என்பது மறுப்பவர்களின் வாதம்.

எனக்கு ரிஃப்கின் சொல்வதே சரியாகப் படுகிறது. காரணம், மத்தேயு பாடுகளின் தாள்களில் இருக்கும் ஒரு விஷயம். முதல் குழுவின் டெனார் தாளில், கதை சொல்லும் நற்செய்தியாளரின் பகுதி முழுவதும் இருக்கிறது, ஆரியாவும் இருக்கிறது, குழுப்பாடல்களும் இருக்கின்றன. பேஸ் தாளில் இயேசுவின் வார்த்தைகளும் அப்படியே. அப்படியானால் கதையைக் கண்ணீரோடு சொல்கிறவரே கூட்டத்தோடு சேர்ந்து 'சிலுவையில் அறையும்' என்று கத்துகிறார். இயேசுவின் வார்த்தைகளைப் பாடியவரும் அதே கூச்சலில் நிற்கிறார். நல்லவர்கள் ஒரு பக்கம், கெட்ட கூட்டம் இன்னொரு பக்கம் என்ற வசதியான பிரிவு அங்கே இல்லை. தனிப்பாடகர்கள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பின்னால் நூறு பேர் எழுந்து நின்று கத்தும் ஏற்பாட்டில் இது கண்ணுக்கே தெரியாது.

இதே போல இன்னொரு இடம். இராப்போஜனத்தில், 'உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்' என்று இயேசு சொன்னதும் சீஷர்கள் 'ஆண்டவரே, நானோ?' என்று பதறுகிறார்கள். 'ஆண்டவரே' என்ற அந்த விளி சரியாக 11 முறை வருகிறது. யூதாஸ் மட்டும் அதில் சேரவில்லை. சிறிய குழு பாடும்போது ஒவ்வொரு விளியும் ஒரு தனி மனிதனின் வாயிலிருந்து வருவதாகக் கேட்கும், பெரிய குழுவில் அது ஒரு அலையாகப் போய்விடும். உடனே அடுத்து வரும் கோரல், அதாவது சபைக்குத் தெரிந்த ஞானப்பாட்டு, 'நான்தான் அது' என்று பதில் சொல்கிறது.

இனி கருவிகள். பழைய வில், இன்றைய வயலின் வில்லைப் போல நுனி வரை ஒரே பலத்தோடு இழுபடாது. நுனிக்குப் போகப் போக ஒலி தானாக மெலியும். நரம்புகளும் ஆட்டுக் குடலில் முறுக்கியவை. அதனால் ஒவ்வொரு இழுப்பிலும் அழுத்தமும் தளர்வும் இயல்பாகவே வந்துவிடுகிறது. ஜெர்மன் சொற்களும் பெரும்பாலும் முதல் அசையில் அழுந்தி அடுத்ததில் தளர்கிறவை. எங்கள் நடத்துநர் ஒத்திகையில் முதலில் பாட விடுவதே இல்லை. வரிகளைத் தாளத்தோடு வாசிக்கச் சொல்வார். தொடக்கப் பாட்டில் வரும் 'க்ளாகென்', அதாவது புலம்பு என்ற சொல்லில் 'க்ளா' மேல் சாய்ந்து 'கென்' மேல் கையை எடுத்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே பலத்தில் இழுத்தால் பாட்டை நிறுத்தி மறுபடி வாசிக்க வைப்பார். அப்புறம் பாடும்போது பக்கத்தில் வாசிக்கும் வயலின்களும் அதே மூச்சில் சாய்ந்து எழுவது நன்றாகவே தெரியும்.

அந்தத் தொடக்கப் பாட்டே ஒரு நல்ல உதாரணம். 12/8 தாளம், நம் கணக்கில் நான்கு அடியும் திஸ்ர நடை. பழைய பிரம்மாண்ட முறை நடத்துநர் க்ளெம்பெரர் 1960-களின் தொடக்கத்தில் செய்த பதிவில் இது 11 நிமிடத்தைத் தாண்டும். இன்றைய பழைய முறைக் குழுக்கள் பலவும் 7 நிமிடத்தையொட்டி முடித்துவிடுகின்றன. நடை கூடினால்தான் அந்த மும்மூன்று அசைவு காலடி வைத்து நடக்கும் ஊர்வலமாக ஆகிறது. 'வாருங்கள் குமாரத்திகளே' என்று ஒரு குழு அழைக்கிறது. 'பாருங்கள்' என்றதும் எதிர்ப்புறக் குழு 'யாரை?', 'எப்படி?' என்று ஒற்றைச் சொல்லில் குறுக்கே கேட்கிறது. 1736-இல் தோமா ஆலயத்தில் இரண்டு ஆர்கன்களும் பயன்பட்டன என்று ஆலயக் குறிப்பு சொல்கிறது. இரண்டு தனி இடங்களிலிருந்து ஒலி வருவதற்கு வழி இருந்தது. குழு சிறிதாக இருந்தால் அந்தக் கேள்விகள் உண்மையிலேயே கேள்விகளாகக் கேட்கும்.

சுருதியும் வேறு. சுருதி சேர்க்கும் 'லா' சுரம் இன்று நொடிக்கு 440 அதிர்வு என்றால், பழைய முறையில் பெரும்பாலும் 415, ஏறக்குறைய அரைச் சுரம் கீழே. லைப்சிக்கின் ஆர்கன்கள் மற்றக் கருவிகளைவிட ஒரு முழுச் சுரம் மேலே இருந்ததால், ஆர்கன் வாசிப்பவருக்கு மட்டும் ஒரு சுரம் இறக்கி எழுதிய தாள் கொடுத்தார்கள். அந்தத் தாள்களும் இருக்கின்றன. சொப்ரானோக்களுக்கு 415 பெரிய நிம்மதி. உச்சத்தில் கத்தாமல் சொல்லை உச்சரிக்க முடிகிறது.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமான இடம் 'அவுஸ் லீபே' என்ற சொப்ரானோ ஆரியா. ரோம ஆளுநர் பிலாத்து, 'இவன் என்ன பொல்லாப்பு செய்தான்?' என்று கேட்கிறான். கூட்டம் முன்பே ஒரு முறை 'சிலுவையில் அறையும்' என்று கத்திவிட்டது. இந்த ஆரியா முடிந்ததும் அதே கூச்சல் ஒரு சுரம் மேலே ஏறித் திரும்ப வரும். நடுவில் இந்தப் பாட்டுக்கு அடித்தளமே இல்லை. செல்லோ இல்லை, ஆர்கன் இல்லை. ஒரு புல்லாங்குழல், கீழே ஓபோ ட காச்சா என்ற பழைய ஓபோ வகை இரண்டு, மேலே ஒரு குரல், அவ்வளவுதான். ஓபோ ட காச்சா வளைந்த மரக் குழாய், மேலே தோல் உறை, முனையில் பித்தளை மணி. அதன் குரல் கம்மியது, சற்றே கரகரப்பானது. அதற்குப் பதிலாக இன்றைய இங்கிலிஷ் ஹார்ன் என்ற குழலில் வாசித்தால் வழுவழுப்பாகிவிடும். பழைய மரப் புல்லாங்குழலில் ஒவ்வொரு சுரமும் ஒரே வெளிச்சத்தில் வராது, சில மங்கும், சில தெளியும். 'அன்பினால் என் இரட்சகர் சாகிறார்' என்ற வரிக்கு அந்தத் தடுமாற்றம் தேவைப்படுகிறது.

ஞானப்பாட்டுகளிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பெரிய வெள்ளியன்று நம் ஊர் ஆலயங்களில் 'இரத்தம் காயம் குத்தும்' பாடி வளர்ந்தவர்களுக்கு இந்த இசையில் அந்த ராகம் ஐந்து முறை வருவது உடனே பிடிபடும். தரங்கம்பாடியில் 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கியபோது பாக்குக்கு வயது 21, இரண்டு பேரும் ஒரே லுத்தரன் ஞானப்பாட்டு மரபில் வளர்ந்தவர்கள். இயேசு உயிர்விட்டதும் அந்த ராகம் கடைசி முறையாக வரும். பெரிய குழுக்கள் அதைக் கருவிகள் இல்லாமல், மூச்சை அடக்கி, மிக மெதுவாகப் பாடுவது வழக்கமாகிவிட்டது. பாக்கின் தாள்களில் கருவிகள் குரல்களோடு கூடவே வாசிக்கின்றன. சபை பாடுகிற பாட்டாகவே அதை அங்கேயும் விட்டிருக்கிறார், எனக்கு அதுவே அதிக ஆறுதலாக இருக்கிறது.

எல்லாவற்றையும் அப்படியே திருப்பிக் கொண்டுவர முடியாது. லைப்சிக் ஆலயங்களில் பெண்கள் பாடவில்லை. அங்கே பையன்களுக்கு 16, 17 வயதில்தான் குரல் உடைந்தது, அதனால் பல வருடப் பயிற்சியோடு சொப்ரானோ பாடினார்கள். இப்போது அதற்குப் பல வருடம் முன்னாலேயே உடைந்துவிடுகிறது. 1971-இல் தொடங்கி ஹார்னன்கூர்ட், லியோன்ஹார்ட் என்ற இரு நடத்துநர்கள் பாக்கின் கன்டாட்டாக்களை, அதாவது ஆராதனைக்கான பாடல் தொகுப்புகளை, பையன்களை வைத்துப் பதிவு செய்தார்கள். வழி திறந்தவர்கள் அவர்கள். ஆனாலும் குரலை அதிகம் அதிரவிடாமல் பாடத் தெரிந்த பெண் பாடகி எனக்குப் போதும். அதேபோல், நாற்பது பேர் உள்ள ஓர் ஊர்ப் பாடகர் குழு குரலுக்கு ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. சொல்லின் அழுத்தமும் தாளத்தின் நடையும் நாற்பது பேருக்கும் பழக்க முடியும், நாங்கள் அதைத்தான் செய்கிறோம்.

கேட்கத் தொடங்க, நெதர்லாந்து பாக் சங்கம் நார்டன் ஊரின் பெரிய ஆலயத்தில் பாடிய காணொளி இலவசமாகக் கிடைக்கிறது. யார் எந்தக் கருவி வாசிக்கிறார், எந்தக் குழு எங்கே நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும் என்பதால் அதையே முதலில் சொல்வேன். குரலுக்கு ஒருவர் முறையில் கேட்க, நடத்துநர் பால் மக்ரீஷ் 2003-இல் வெளியிட்ட பதிவு. அதற்கப்புறம் க்ளெம்பெரரையும் கேளுங்கள், அவரிடம் இருக்கும் கனம் வேறு எங்கும் கிடைக்காது. ஜெர்மன் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 26, 27 அதிகாரங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நற்செய்தியாளரும் இயேசுவும் கூட்டமும் மற்றவர்களும் கதையில் பாடுவது அந்த வசனங்களையேதான், ஒன்றையும் விடாமல், அதே வரிசையில்.