மனநல மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டலாமா, மறைக்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 46 வயது. 14 ஆண்டுகளாக பைபோலார் நோய்க்கு (மனநிலை அளவு மீறி எழும்பியும் சோர்ந்தும் மாறும் மனநோய்) லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். ஐந்தாறு ஆண்டுகளாக ஒரு தொந்தரவும் இல்லை. சொந்தமாக மாவு மில் நடத்துகிறார். மூன்று வாரமாக அவருக்குக் கை நடுங்குகிறது, வயிறு போகிறது, நடந்தால் தள்ளாடுகிறது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் முதலில் நன்றாகத்தான் விசாரித்தார். மருந்துச் சீட்டைக் காட்டியதும், வயிற்றில் கைகூட வைத்துப் பார்க்காமல், “இது இவருடைய பழைய பிரச்சினைதான், மனநல டாக்டரையே பாருங்கள்” என்று சொல்லிவிட்டார். இன்னொரு இடத்தில் டென்ஷன் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். வழக்கமான மனநல மருத்துவர் வெளியூர் போயிருக்கிறார், வர இரண்டு வாரம் ஆகுமாம். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரையைத் தவிர அண்ணன் புதிதாக எதுவும் சாப்பிடவில்லை. அடுத்த முறை மனநோய் இருப்பதையே சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வீட்டில் பேசிக்கொள்கிறோம். அப்படிச் செய்யலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, மூட்டுவலி மாத்திரை பற்றிய வரிக்கு வந்ததுமே கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். அச்சில் பதில் வரும்வரை பொறுக்கக்கூடிய விஷயமாக அது இல்லை. அன்று மாலையே அண்ணனை அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தீர்கள். ரத்தத்தில் லித்தியம் அளவு 2.1 என்று வந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது 0.6 முதல் 1.0 வரை இருந்தால் போதும்; 1.5-ஐத் தாண்டினாலே உடம்புக்கு நஞ்சு. லித்தியத்தை நிறுத்தி, சலைன் ஏற்றி, சிறுநீரகத்தைக் கண்காணித்து, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். உங்கள் கேள்வி இன்னும் பல குடும்பங்களின் கேள்வி என்பதால், அண்ணனின் சம்மதத்தோடு இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

மறைக்காதீர்கள். உங்கள் அண்ணன் விஷயத்தில் மறைத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். பேதி என்று மட்டும் சொல்லியிருந்தால் பேதி மாத்திரையோடு அனுப்பியிருப்பார்கள். இரண்டு டாக்டர்களும் அந்தச் சீட்டைப் பார்த்தார்கள். அதில் ‘மனநோய்’ என்பது மட்டும்தான் அவர்கள் கண்ணில் பட்டது, ‘லித்தியம்’ படவில்லை. அதே சீட்டைச் சரியாகப் படிப்பவர் அரை நிமிடத்தில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருப்பார்.

நடந்தது இதுதான். லித்தியம் ஒரு வகை உப்பு. அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அந்த வேலையை மந்தமாக்கிவிடும். வெளியே போக வேண்டிய லித்தியம் ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் பேதி, வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல். பேதியில் உடம்பின் நீரும் உப்பும் போய்விட்டால், இருக்கிற உப்பை விடக்கூடாது என்று சிறுநீரகம் இறுக்கிப் பிடிக்கும்; அதோடு லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும். ரத்த அழுத்தத்துக்கு இன்று பலரும் சாப்பிடுகிற தெல்மிசார்டான், எனலாப்ரில், நீர் பிரியும் மாத்திரைகள் ஆகியவையும் இதைச் செய்யும். திடீரென்று உப்பில்லாமல் சாப்பிட ஆரம்பிப்பது, தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பது, சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்ட வேலை செய்வது எல்லாம் அளவை ஏற்றும். மாவு மில்லின் உள்ளே அடிக்கும் சூட்டைச் சொல்லவே வேண்டாம். லித்தியம் சாப்பிடுபவருக்குப் பேதியும் நடுக்கமும் தள்ளாட்டமும் ஒன்றாக வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழக்கமான பரிசோதனைக்கு, கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். இந்த நிலையில் அந்தக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது, போனவுடன் எடுக்க வேண்டும்.

ஒரு மனநோயின் பெயர் காதில் விழுந்ததும் உடம்பு சொல்வதைக் கேட்காமல் விடும் பழக்கம் எங்கள் தொழிலில் பழையது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு வரும் மற்ற கோளாறுகள் அந்தக் குறைபாட்டின் நிழலில் மறைந்துவிடுகின்றன என்று 1982-இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்கள் அதற்கு வைத்த ‘டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங்’ என்ற பெயரையே இன்று மனநோய் உள்ளவர்களின் உடல்நோய் கவனிக்கப்படாமல் போவதற்கும் சொல்கிறோம். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலையால் மட்டும் இந்த இடைவெளி வரவில்லை. பெரும் பகுதி இதய நோய், சர்க்கரை நோய், நுரையீரல் நோய், தொற்று என்று தடுக்கக்கூடிய, குணப்படுத்தக்கூடிய நோய்களால் வருவது. இந்தக் கணக்கை எழுதும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். நானும் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தில் ஒரு மனநல வார்டில் இரவுப் பணி. முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். மனச்சிதைவு நோய்க்காக க்ளோசபின் சாப்பிட்டுவந்தவர். “வயிற்றுக்குள் பாம்பு சுருண்டு கிடக்கிறது டாக்டர், நெரிக்கிறது” என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேஸ் ஷீட்டில் ‘உடல் சார்ந்த மருட்சி’, அதாவது உடம்பில் இல்லாததை இருப்பதாக நம்புகிறார் என்று எழுதி, மாத்திரையின் அளவைக் கூட்டினேன். மறுநாள் இரவு சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்த அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்துப் பார்த்தவர் ஒரு மூத்த செவிலியர். “சார், வந்து தொட்டுப் பாருங்கள்” என்றார். தொட்டேன். தவில் போல விறைத்திருந்தது வயிறு. மலம் கழித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. க்ளோசபின் குடலின் அசைவை மெதுவாக்கும்; கவனிக்காமல் விட்டால் குடல் அடைத்துக்கொண்டு உயிரையே எடுத்துவிடும். அன்று இரவே அறுவை சிகிச்சை நடந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். பாம்பு என்ற சொல் நோயினுடையது. நெரிக்கிறது என்றது உண்மை. அன்றிலிருந்து, யார் எந்த மொழியில் வலியைச் சொன்னாலும் முதலில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

டாக்டர்கள் எல்லோரும் கல்மனம் படைத்தவர்கள் என்று இதைப் படித்துவிட்டு நினைக்க வேண்டாம். புறநோயாளிகள் பிரிவில் வாசல்வரை வரிசை நிற்கும்போது, முதலில் காதில் விழும் வாக்கியத்தை வைத்துத்தான் மனம் கணக்குப் போடும். உங்கள் கையில் இருப்பது அந்த முதல் வாக்கியம்.

நீங்கள் முதலில் என்ன சொன்னீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். “அண்ணனுக்கு 14 வருஷமாக மனநோய் டாக்டர், இப்போது கை வேறு நடுங்குகிறது” என்றீர்கள். இனி இப்படிச் சொல்லுங்கள்: “டாக்டர், மூன்று வாரமாகப் பேதி, ஒரு நாளைக்கு ஐந்து முறை. கை நடுங்குகிறது, டம்ளரைப் பிடித்தால் டீ சிந்துகிறது. போன மாதம் மாவு மூட்டையைத் தூக்கிவைத்தவர், இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மூட்டுவலிக்கு ஒரு மாதமாக இந்த மாத்திரை. பல வருஷமாக லித்தியம் சாப்பிடுகிறார், கடைசியாக அளவு பார்த்தது இந்தத் தேதியில்.” இரண்டிலும் பொய் இல்லை, வரிசைதான் வேறு. தொந்தரவு முதலில், என்றைக்கு ஆரம்பித்தது, எத்தனை முறை, முன்பு செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை, அதன் பிறகு மருந்துகள். நோயின் பெயரை அவர் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம், ஆனால் மருந்தின் பெயரை அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டும்.

இதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி மருந்துச் சீட்டுக்கு மேலே வைத்துக் கொடுங்கள். பதற்றத்தில் பாதி மறந்துபோகும். அண்ணனையே பேசவிடுங்கள், அவர் விட்டதை நீங்கள் சேருங்கள். தன் வயிற்றைப் பற்றித் தானே சொல்லக்கூடியவரின் தலைக்கு மேல் மற்றவர்கள் பேசினால், இவரால் எதையும் சரியாகச் சொல்ல முடியாது போலிருக்கிறது என்று டாக்டர் முடிவு கட்டிவிடுவார்.

“இது மனசுப் பிரச்சினை” என்று அப்போதும் சொன்னால்? சண்டை வேண்டாம். கத்தினால் ‘குடும்பமே இப்படித்தான்’ என்று எழுதிவிடுவார்கள். பணிவாக ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இவருக்கு மனநோய் எதுவும் இல்லை என்றால், இந்தத் தொந்தரவுக்கு என்ன பரிசோதனை செய்வீர்கள் டாக்டர்? அதை மட்டும் செய்து பார்த்துவிடலாமா?” நல்ல மருத்துவர் இந்த இடத்தில் ஒரு கணம் நின்று யோசிப்பார். என்னிடமும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார், நான் நின்றிருக்கிறேன். பரிசோதனை தேவையில்லை என்று அப்போதும் சொன்னால், ஏன் தேவையில்லை என்பதை ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதப் பேனாவை எடுக்கும்போது மறுபடி யோசிப்பவர்கள் உண்டு.

சட்டமும் உங்கள் பக்கம்தான். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 21-ஆவது பிரிவு, எல்லா மருத்துவ சேவைகளிலும் மனநோய் உள்ளவரை உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. அவசர சிகிச்சையும் ஆம்புலன்ஸும் இதில் அடங்கும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. முதலில் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அங்கே பலன் இல்லாமல், டாக்டரின் அலட்சியம் தெளிவாகத் தெரிந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகலாம். ஆனால் இதெல்லாம் நோயாளி தேறிய பிறகு செய்ய வேண்டியது. தள்ளாடிக்கொண்டிருப்பவரை உட்கார வைத்துவிட்டுப் புகார் எழுதாதீர்கள். அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

லித்தியம் சாப்பிடாதவர்களுக்கும் இதில் சேதி உண்டு. க்ளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று நாள் மலம் வராவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். ஓலன்சபின் என்ற மனநோய் மாத்திரை எடையையும் சர்க்கரையையும் ஏற்றும்; அந்த நோயாளி அடிக்கடி தண்ணீர் கேட்பதைக் கிறுக்கு என்று நினைக்காமல் சர்க்கரை அளவைப் பாருங்கள். மனநோய் மாத்திரையில் இருப்பவருக்குக் கடும் காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டையாக விறைத்தால் 108-ஐ அழையுங்கள். பதற்ற நோய்க்கு மருந்து சாப்பிடும் பெண்ணுக்கு நெஞ்சு படபடத்தால், படபடக்கும் அந்த நேரத்திலேயே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். இதயத் துடிப்புக் கோளாற்றைப் பல ஆண்டுகள் பதற்றம் என்றே நினைத்துச் சிகிச்சை பெற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய முதியவர் குழம்பிப்போய்ப் பேசினால் ரத்தத்தில் சோடியத்தைப் பாருங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் உடம்பில் ஒன்றும் இல்லை என்று வரலாம். அப்படியும் நடக்கும். மனச்சோர்வால் முதுகு வலிக்கும், பதற்றத்தால் வயிறு புரளும், அந்த வலியும் வலிதான், அதற்கும் சிகிச்சை உண்டு. ஆனால் கை வைத்துப் பார்த்து, பரிசோதித்து, இல்லை என்று தெரிந்தபின் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

இனி அண்ணனுக்கு. லித்தியத்தை மறுபடி தொடங்குவதா, எந்த அளவில் என்பதை அவருடைய மனநல மருத்துவர், சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்து முடிவு செய்யட்டும், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். இடையில் இரவுத் தூக்கம் குறைந்தாலோ, பேச்சும் செலவும் கூடினாலோ அது பழைய நோய் திரும்பும் அறிகுறியாக இருக்கலாம், அந்த மருத்துவருக்கு உடனே தெரிவியுங்கள். மூட்டுவலி இன்னும் இருக்கிறது என்கிறீர்கள். இப்போதைக்குப் பாராசிட்டமால் மட்டும், டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும் அளவில். எலும்பு மருத்துவரிடம் போகும்போது, முன்பு சொன்ன வெள்ளைத் தாளின் முதல் வரியில் “லித்தியம் நஞ்சாகி ஆஸ்பத்திரியில் இருந்தவர், வலி மாத்திரை எழுதும் முன் கவனிக்கவும்” என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். மாத்திரை வாங்கும் மெடிக்கலிலும் அந்தத் தாளின் ஒரு நகலைக் கொடுத்து வையுங்கள்.