பிரேக் ஷிப்ட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் நடுத்தரமான ஓர் ஓட்டலில் உணவகப் பிரிவுக்கு மேலாளராக இருக்கிறேன். வயது 31. ஓட்டல் நிர்வாகம் படித்தவன். என் பொறுப்பில் 46 பேர் இருக்கிறார்கள். அவர்களில் நான்கு சப்ளையர்கள் ஐம்பத்தைந்தைக் கடந்தவர்கள். ஒருவர் 22 ஆண்டுகளாக இங்கேயே இருப்பவர். ஆர்டர் எடுக்க டேப்லெட் கொடுத்தால் அதை ஓரமாக வைத்துவிட்டுப் பழையபடி மனத்திலேயே எடுக்கிறார்கள். இளைஞர்களோ மூன்று மாதம்கூட நிற்பதில்லை. பூமர், மில்லேனியல், ஜென் இசட் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு குணப்பட்டியல் போட்டு நிர்வாகம் பயிற்சி வகுப்பு நடத்தியது. அதனால் பலன் இல்லை. பழைய சரக்கையும் புதுச் சரக்கையும் ஒரே அடுப்பில் வைத்துச் சமைப்பது எப்படி? நீங்கள் இளமையில் ஓட்டலில் வேலை பார்த்ததாக எழுதியிருந்ததால் கேட்கிறேன். பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் என் பழைய ஓட்டல் அண்ணாச்சி ஒருவரை அவருடைய ஊரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அந்த நினைவு மனத்தில் ஓடிக்கொண்டே இருந்ததால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால், ஓட்டல் நிர்வாகத்தைக் கல்லூரியில் படித்தவருக்கு எச்சில் இலை எடுத்தவன் என்ன சொல்வது என்று விட்டிருப்பேன்.

முதலில் ஒரு கோபம். 'பழைய சரக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டலில் சரக்கு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இராது. குழம்பும் கூட்டும் பொரியலும் போடுகிறவரைச் சரக்கு மாஸ்டர் என்கிறோம். அவர் முகம் கோணினால் முதலாளியே சமையற்கட்டுக்குள் நுழையத் தயங்குவார். அந்தச் சொல்லை எடுத்து, உங்கள் தந்தையின் வயதுள்ள நான்கு பேர் மேல் ஒட்டியிருக்கிறீர்கள். எனக்கு எழுதும்போதே கை இவ்வளவு தாராளமாகப் போகிறதென்றால் அவர்கள் எதிரில் குரல் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொள்கிறேன். குணப்பட்டியலைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. பலன் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். குப்பைக்கூடை பக்கத்தில்தான் இருக்கும்.

டேப்லெட் விஷயம் சின்னது. ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு வெள்ளெழுத்து இருக்கும். ஏசி ஹாலின் மங்கல் வெளிச்சத்தில் அந்தச் சின்ன எழுத்துகள் அவருக்குப் புள்ளிகளாகத்தான் தெரியும். கண் தெரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும் என்பதால், 'எனக்கு இதெல்லாம் வேண்டாம் தம்பி' என்று முறைப்பாகச் சொல்வார். அதை நீங்கள் தலைமுறைக் குணம் என்று எழுதிக்கொள்வீர்கள். சில நூறு ரூபாய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் பேசுங்கள். நால்வரில் ஒருவர் அதற்குப் பிறகும் அசைய மாட்டார். அவரை அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் இளைஞர்கள். அவர்கள் ஏன் போகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள், நான் மேலே சுருக்கியிருக்கிறேன். செல்போன் மோகம், பொறுமையின்மை, சம்பளத்துக்கு மேல் ஆசை. அத்தனை காரணங்களுக்கும் நடுவில், வேறு எதையோ சொல்லும்போது, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: 'எங்களிடம் பிரேக் ஷிப்ட்தான், காலை ஆறு முதல் பதினொன்று, மாலை நாலு முதல் பத்து.' நண்பரே, உங்கள் கேள்விக்கான பதில் அந்த வரியில் இருக்கிறது.

கூட்டிப் பார்த்தால் பதினொரு மணி நேர வேலை. ஆனால் அது பிடித்துக்கொள்ளும் நேரம் பதினாறு மணி. நடுவில் உள்ள ஐந்து மணி நேரத்தை 'ரெஸ்ட்' என்கிறோம். சிங்காநல்லூருக்கு அப்பால் வீடு உள்ள ஒரு பையன் அந்த ஐந்து மணியில் பஸ் பிடித்துப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பி வந்தால் அவன் உடம்பு என்னவாகும்? ஒரு வகுப்பில் சேர முடியுமா, ஒரு பெண்ணைப் பார்த்துப் பேச முடியுமா, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர முடியுமா? நீங்கள் இருப்பது பஞ்சாலை ஊர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், வேலை ஒரு நாளைக்கு ஒன்பது மணிக்கு மேல் கூடாது என்றதோடு நிற்கவில்லை. இடைவேளையையும் சேர்த்து எல்லாம் பத்தரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்றும் பொதுவிதி வைத்தது. வேலையின் அளவு வேறு, அது நாளின்மேல் எவ்வளவு தூரம் படர்கிறது என்பது வேறு என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. சங்கு ஊதினால் மில்காரர் வீட்டுக்குப் போனார், ஓட்டல்காரர் உருளைக்கிழங்கு மூட்டைமேல் தலை சாய்த்தார்.

நான் சாய்த்திருக்கிறேன். 1983இல் மதுரையில் ஒரு சைவ ஓட்டலில் ஒன்றரை வருடம் டேபிள் துடைத்தேன். பின்கட்டில் வாழை இலைக் கட்டுகள் அடுக்கியிருக்கும் குடோனில் மத்தியானம் படுப்போம். ஈரச் சாக்கும் இலையும் சேர்ந்த ஒரு வாடை, இன்றும் இலைக்கடைப் பக்கம் போனால் எனக்குத் தூக்கம் வரும். நான் சொன்ன அண்ணாச்சி எனக்குப் பக்கத்தில், இரண்டு கால்களையும் அரிசி மூட்டையின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பார். கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். மாலையில் அதே மனிதர் எட்டு டேபிள்களின் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, கை கழுவப் போகிறவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து, 'நாலாம் நம்பர் பதினொண்ணு நாப்பது' என்று கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுப்பார். தவறியதாக நினைவில்லை.

அவருடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. மாதம் ஒரு முறை போவார், சில மாதம் அதுவும் இல்லை. பிரேக் ஷிப்ட் நடந்ததே அவரைப் போன்றவர்களை வைத்துத்தான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. பக்கத்தில் வீடு இல்லாதவன், நடுப்பகலில் போக இடமில்லாதவன், ஓட்டலிலேயே தின்று ஓட்டலிலேயே படுக்கிறவன் இருந்தால்தான் அந்த நேரக் கணக்கு ஓடும். அன்று அதற்கு உடுப்பியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். இன்று ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறார்கள். உங்கள் 46 பேரில் நிலைத்து நிற்கிற இளைஞர்கள் யார் என்று பாருங்கள். எல்லாரும் மாடி அறையில் தங்குகிறவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கும் உள்ளூர்ப் பையனுக்கும் வயது ஒன்றுதான்.

ஓட்டலில் எடுபிடியாகச் சேர்ந்து முதலாளி ஆனவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1938இல் சென்னையில் வுட்லண்ட்ஸைத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவே அப்படி வந்தவர்தான். நான் உங்களிடம் கேட்பது வேறு. நாளை காலை அந்த நான்கு பெரியவர்களிடமும் தனித்தனியாகப் போய், உங்கள் மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்று கேளுங்கள். கூரியர், மொபைல் கடை, பனியன் கம்பெனி, அதிர்ஷ்டம் இருந்தால் அரசாங்க வேலை என்று பதில் வரும். ஓட்டல் என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். தட்டு தூக்கிய எந்தத் தகப்பனும் மகன் கையில் தட்டைக் கொடுக்கவில்லை. மூன்று மாதத்தில் ஓடிப்போகிறவனைப் பார்த்து 'இந்தக் காலத்துப் பயல்களுக்கு வணங்காது' என்று உங்களோடு சேர்ந்து தலையாட்டுகிற அதே பெரியவர், தன் பிள்ளை ஓடிப்போக வேண்டும் என்பதற்காகத்தான் முப்பது வருடம் அங்கே நின்றார். இவர்கள் இருவருக்கும் நடுவில் நீங்கள் என்ன சமாதானம் செய்யப் போகிறீர்கள்?

ஷிப்டை மாற்றினால் ஆள் கூடுதலாக வேண்டும், முதலாளி ஒப்ப மாட்டார் என்பீர்கள். முழுதாக மாற்ற வேண்டாம். காலையிலிருந்து மூன்று மணி வரை நேராக ஒரு அணி, மத்தியானத்திலிருந்து இரவு வரை ஒரு அணி என்று உள்ளூர் ஆட்களுக்கு மட்டும் மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். ஆள் போய் ஆள் எடுத்துப் பழக்குகிற செலவை எதிரே எழுதிக்கொண்டு முதலாளியிடம் போங்கள்.

கடிதத்தின் கடைசியில், பெரியவர்களை 'மரியாதையாக அனுப்பிவைப்பது' பற்றியும் கேட்டிருந்தீர்கள். மரியாதைக்குக் கணக்கு இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று வைத்தது. மாதத்தை 26 நாளாக எடுத்து வகுப்பார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய் வாங்குகிற உங்கள் 22 ஆண்டுக்காரருக்கு அது ஏறத்தாழ 2,28,000 ரூபாய் வரும். அந்தத் தொகையைத் தயார் செய்துவிட்டு மாலை வாங்கப் போங்கள். என் அண்ணாச்சிக்கு ஒரு வேட்டியும் சட்டையும் கொடுத்தார்கள்.

சென்ற வாரம் அவர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். பதினொன்றரை ஆனதும் அவருக்குக் கண் சொருகியது; துண்டை உதறித் திண்ணையில் விரித்து, கால்களை நாற்காலிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். ஓட்டலை விட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. 'தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, இது அவுகளுக்கு டூட்டி மாதிரி, மூணரைக்குத் தானா எந்திரிச்சிருவாக' என்றார் மதினி. நான் காத்திருந்தேன். மூன்றரைக்கு எழுந்தார், முகம் கழுவினார், சட்டையை மாட்டிப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்து அதே திண்ணையில் உட்கார்ந்தார்.