நோட்டு அட்டையில் பழைய முகவரி

கேள்வி: கூவம் கரையில் இருந்த எங்கள் வீட்டை இடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். அன்று முதல் என் 15 வயது மகன் எனக்கு அடங்குவதில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான்; இரவு பத்து மணி வரை மாடிப்படியில் பையன்களோடு உட்கார்ந்திருக்கிறான். வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்து, லிஃப்ட் ஓடாத நாளில் ஆறு மாடி ஏறி வந்தால், இவனோடு சண்டை. இங்குள்ள பிள்ளைகள் எல்லாம் ரவுடிகள், சேராதே என்று தினமும் சொல்கிறேன், காதில் வாங்குவதில்லை. பள்ளி நோட்டு அட்டையில் இன்னும் பழைய தெருவைத்தான் எழுதுகிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லாமல் அங்கே போய்விட்டு வருகிறான், அது கிடக்கட்டும். அந்த மாடிப்படிக் கூட்டத்திலிருந்து அவனை எப்படி மீட்பது? வீட்டில் பூட்டி வைக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, “அது கிடக்கட்டும்” என்று நீங்கள் கடந்த இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். ஒரு சாவு விழுந்தால் துக்கம் விசாரிக்கப் பத்துப் பேர் வருவார்கள்; ஒரு தெருவே போனதற்கு உங்கள் மகனிடம் யாரும் விசாரிக்கவில்லை. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கி, 5 நகரங்களின் ஏழைக் குடும்பங்களுக்கு வறுமை குறைந்த பகுதிகளில் குடியேற உதவி, அவர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள் வளர்ந்தபின் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பதின்வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. நல்ல இடத்துக்குப் போனவர்களுக்கே அந்த வயதில் வேர் அறுவது அவ்வளவு கடினம் என்றால், விருப்பம் கேட்கப்படாமல் வந்தவனை என்னவென்று சொல்வது?

நீங்கள் வருந்தினாலும் இதைச் சொல்லியாக வேண்டும். “இங்குள்ள பிள்ளைகள் எல்லாம் ரவுடிகள்” என்று நீங்கள் சொல்லும்போது, அந்தப் பிள்ளைகளில் அவனும் ஒருவன். பெரும்பாக்கம் என்றதும் முகம் மாறுகிறவர்களை வெளியே அவன் பார்த்திருப்பான். அதே சொல் தாயின் வாயிலிருந்தும் வந்தால், அவன் எந்த முகவரியைத்தான் அட்டையில் எழுதுவான்? மாடிப்படியில் அவனோடு இருப்பவர்களிலும் தெருவை இழந்து வந்தவர்கள் இருப்பார்கள்.

பூட்டாதீர்கள். அவன் தூக்கமிழந்தாலோ, பள்ளியை விட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ தாமதிக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் பேசுங்கள். படிக்கட்டுப் பையன்கள் இருவரின் பெயரையாவது தெரிந்துகொண்டு, ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கள். அதற்கு முன், வரும் ஞாயிறு அவனோடு நீங்களும் பஸ் ஏறுங்கள். இருபது ஆண்டுகளோ முப்பதோ, அந்தத் தெரு உங்களுடையதாகவும் இருந்தது அல்லவா?