பதில்: தாய்மொழி ஆங்கிலம் இல்லை என்று வேலை மறுத்துவிட்டார்கள்

வணக்கம். ஆங்கில ஆசிரியர் வேலைக்கான நேர்காணல் நன்றாகப் போயும், ஆங்கிலம் உங்கள் தாய்மொழி இல்லை என்று நிராகரித்ததாக எழுதியிருந்தீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது.

தாய்மொழிக்காரரே சிறந்த ஆசிரியர் என்பது தவறான நம்பிக்கை என்று மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992-லேயே வாதிட்டார். ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பான டெசோலும் 2006-ல் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது. அடுத்த விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

உச்சரிப்புக்காக மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசாதீர்கள். தாய்மொழி தமிழாக இருப்பது ஒரு பலமும்கூட. உதாரணமாக, ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'தி'க்கு (the) தமிழில் நிகரான சொல்லே கிடையாது. அதை எங்கே போடுவது என்று திணறும் மாணவருக்கு, அதே இடத்தில் திணறி மீண்டவர் விளக்கினால் சட்டென்று புரியும் (எனக்கும் அப்படித்தான் பிடிபட்டது). மாதிரி வகுப்புக்கு இதையே பாடமாக எடுங்கள், பத்து நிமிடம் போதும்.