அப்பாவோடு கல்லணைக்குச் சைக்கிளில்

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. சைக்கிள் ஓட்டி 15 வருஷம் ஆகிறது. அவருடைய 28 அங்குலச் சைக்கிள் வீட்டிலேயே கிடக்கிறது. என்னுடையது கியர் சைக்கிள். திருவானைக்காவலிலிருந்து கல்லணைக்கு இருவரும் போய்வர ஆசை. என்னென்ன செய்யவேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் முதல் ஞாயிறே வேண்டாம். போக 15, வர 15 என்று ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வருகிறது. முதல் வாரம் மொத்தம் 8 கிலோமீட்டர் போதும். வாரம் நான்கைந்து கூட்டினால் ஆறாவது வாரம் கல்லணை. ஓட்டத் தொடங்கும் முன்பே அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். வழியில் சர்க்கரை இறங்கக்கூடும். குளுக்கோஸ் பொட்டலம் உங்கள் பையில் இருக்கட்டும்.

சைக்கிளை ஓவராயிலுக்கு விடுங்கள். சும்மா நின்ற வண்டியில் கிரீஸ் கெட்டித்துப் போயிருக்கும். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் காற்று நின்றாலும் மாற்றத்தான் வேண்டும். பிரேக் கட்டை கல்லாக இறுகியிருக்கும், அதையும் மாற்றுங்கள். அடிக்கடி காற்று இறங்கினால் பஞ்சர் என்று டியூபைக் கழற்றுவதற்கு முன், காற்றடிக்கும் வாயில் செருகியிருக்கும் சிறு ரப்பர் குழாயான வால் டியூபைப் பாருங்கள். காய்ந்த ரப்பர் காற்றைப் பிடிக்காது. நாலு அங்குலத் துண்டு ஒன்று கையில் இருந்தால் வழியில் தவிக்க வேண்டியதில்லை.

சீட் உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது லேசாக மடங்கும். அதுதான் சரியான அளவு. முதல் இரண்டு வாரம் மட்டும் கால்விரல்கள் தரையைத் தொடுமளவு தாழ்த்திவைத்து, பயம் தெளிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். தாழ்வாகவே விட்டால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். அளவுக்கு மீறி உயர்ந்தால் பின்பக்கம் இழுக்கும்.

பழைய பழக்கத்தில் இடது காலைப் பெடலில் வைத்துத் தத்தி ஓடி, வலது காலைக் கேரியருக்கு மேலே வீசி ஏறப் பார்ப்பார். இப்போது இடுப்பு அவ்வளவு எழும்பாது. குதிகால் கேரியரில் தட்டும், வண்டியோடு சாய்வார். நின்றபடி இரு பிரேக்கையும் பிடித்து, வண்டியைத் தன் பக்கம் சாய்த்துக் காலைப் போட்டு, நிமிர்ந்தபின் மிதிக்கச் சொல்லுங்கள். இதை வீட்டு வாசலிலேயே பத்துமுறை பழகட்டும்.

சாலையில் அப்பா முன்னால், நீங்கள் பின்னால். நீங்கள் முன்னால் போனால் உங்களை எட்டிப்பிடிக்கவே மூச்சிரைக்க மிதிப்பார், சொல்லவும் மாட்டார். அவர் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரி. அரைமணிக்கு ஒருமுறை இறங்கி நாலு வாய் தண்ணீர். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்தி, உடனே 108-ஐ அழையுங்கள்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே போகும் அந்தச் சாலை சமதளம்தான், மேடு கிடையாது. பாடு காற்றில்தான். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது நெஞ்சில் அறையும். போகும்போது சுகமாக இருந்ததே என்று நம்பிவிடக் கூடாது. விடிந்ததும் கிளம்பி, காற்று எழும்புமுன் திரும்பிவிடுங்கள். அப்பா சைக்கிளின் பின்சக்கரத்தில் 18 பல் ஃப்ரீவீல் (செயின் ஓடும் பல்சக்கரம்) இருந்தால் 20 பல்லுக்கு மாற்றினால் மிதி பத்தில் ஒரு பங்கு லேசாகும். சக்கரத்தைச் சற்று முன்னே தள்ளினால் பெரும்பாலும் அதே செயினே போதும்.