எதை ஏற்றுவது, எதை விடுவது? (வாசகர் கடிதம்)

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு வருடம் ஆர்.வி.யிலேயே (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) குடியிருந்து ஊர் ஊராகப் போவதென்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். பழைய மோட்டார் ஹோம் ஒன்று வாங்கியாயிற்று, 24 அடி நீளம். என்னென்ன வாங்கி ஏற்ற வேண்டும் என்று அவர் போட்ட பட்டியல் நான்கு பக்கம் வந்துவிட்டது. எதை வைப்பது, எதை விடுவது? எனக்கு இருக்கும் ஒரே பயம் கழிவுத் தொட்டி. நீங்கள் இரண்டு வருடம் அப்படி வாழ்ந்தவர் என்பதால் கேட்கிறேன்.
ம.

அன்புள்ள ம.,

பட்டியல் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர், எரிபொருள், சமையல் எரிவாயு எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு, நீங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்த நிலையில் எடை போடுங்கள், முடிந்தால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியாக. வண்டி அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவை ஒட்டிய தகட்டில் இருக்கும். அதில் இந்த எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் நான்கு பக்கத்துக்கும் சேர்த்து இருக்கிற அனுமதி. அலமாரியில் இடம் இருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போவது எல்லோரும் செய்வது, ஆனால் அலமாரி கொள்வதையெல்லாம் அச்சும் டயரும் தாங்காது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஆக 150 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தாலே இரண்டு ஆட்களைக் கூடுதலாக ஏற்றிய கணக்கு.

பழைய வண்டி என்கிறீர்கள், அதனால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். வெளிப்பக்கம் காணவில்லையென்றால் வண்டிக்கு அடியில் குனிந்து உள்பக்கம் பார்க்க வேண்டும். இந்த மாதிரி வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம், ரப்பர் தேயாமலே மூப்படைந்துவிடும். எனக்கு ஒரு முறை பின் டயர் வெடித்து, கிழிந்த ரப்பர் சக்கரத்துக்கு மேலிருந்த தகட்டைப் பிய்த்து ஒரு குழாயையும் உடைத்துக்கொண்டு போனது. அந்த டயரின் பட்டைகள் புதிது போலத்தான் இருந்தன, வயதோ பதினொன்று. ஆறேழு வருடம் தாண்டியிருந்தால், பட்டியலில் எதை வெட்டியாவது டயரை மாற்றிவிடுங்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். சமையலறையிலிருந்தும் குளியலிலிருந்தும் வரும் தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிப்பறைக்கு வேறொன்று. கழிப்பறைத் தொட்டியின் வால்வை, வெளிக்குழாயோடு இணைத்தே நிறுத்தியிருந்தாலும், மூடியே வையுங்கள். திறந்துவிட்டால் நீர் வடிந்துபோய் மற்றது அடியில் குவிந்து காய்ந்து இறுகிவிடும், அப்புறம் அதை எடுப்பதுதான் நீங்கள் பயப்படுகிற வேலை. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும், அதற்கென்று இருக்கும் இடத்தில் மட்டும், கையுறை போட்டுக்கொண்டு, முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறங்கள், அடுத்து மற்றதை. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிக்கொடுக்கும். காலியான தொட்டியில் சில லிட்டர் தண்ணீர் விட்டுவிட்டு வால்வை மூடுங்கள். கழிப்பறைத் தாளைச் சோதிப்பதும் சுலபம்: ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் கரைந்து பிரிய வேண்டும். குடிநீர் பிடிக்கும் ஹோஸைத் தனியாக, இன்னொரு பெட்டியில் வையுங்கள்.

இதைவிடப் பயப்பட வேண்டியது வேறு. குளிருகிறது என்று எரிவாயு அடுப்பைப் பற்றவைத்துக் கதகதப்புத் தேடாதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அதற்கான அலாரமும் எரிவாயுக் கசிவு அலாரமும் உள்ளே இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று இன்றைக்கே பாருங்கள். வண்டியில் எரியும் எரிவாயுவான புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும், அதனால்தான் அந்த அலாரத்தைத் தரையை ஒட்டிப் பொருத்துகிறார்கள். அதன் முன்னால் பெட்டி எதையும் வைத்து அடைத்துவிடக் கூடாது. இரவில் கூரைத் துவாரத்தைக் கொஞ்சம் திறந்து வைத்தால் மூச்சின் ஈரம் சுவரில் பூசணமாகாமல் இருக்கும்.

ஓட்டுவதைப் பற்றி இரண்டு விஷயம்தான். வண்டியின் உயரத்தை, கூரையிலிருக்கும் ஏசியையும் சேர்த்து அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதி நீங்கள் வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கம் வீசும், காலியான மைதானத்தில் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

அதற்கு முன் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, வெளி மின்சாரமோ தண்ணீரோ இணைக்காமல், மூன்று நாள் அதற்குள் குடியிருந்து பாருங்கள். தண்ணீர் எத்தனை நாள் வருகிறது, பேட்டரி எப்போது இறங்குகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்த மூன்று நாளில் கையே படாத பொருளையெல்லாம், கருவிப்பெட்டியும் முதலுதவிப்பெட்டியும் தவிர, பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மடக்கு நாற்காலி இரண்டு பட்டியலில் இருந்தால் அவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். மழை இல்லாத நாட்களில் நீங்கள் இருவரும் பெரும்பாலும் வெளியேதான் உட்கார்ந்திருப்பீர்கள்.