ரத்தக் குழாய் செல்லைப் படித்தால் சோறு கிடைக்குமா?

அக்கா, உங்கள் மெசேஜ் படித்தேன். பொண்ணு பி.எஸ்சி. பயோடெக் மூன்றாம் வருடம், ரத்தக் குழாய் செல்கள் ஏன் சாகின்றன என்று ஆராயப் போகிறேன் என்கிறாள், வீட்டுக்காரரோ எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதாவது ஐ.டி. வேலையில் தள்ளிவிடலாம் என்கிறார், நடுவில் உங்களுக்குத் தூக்கம் போச்சு. சரி, அவள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ரத்தக் குழாயின் உள்சுவரில் ஒரே அடுக்காக எண்டோதீலியல் செல்கள் படிந்திருக்கும். அடியில் உள்ள புரத வலையை அவை இன்டெக்ரின் என்ற புரதங்களால் பிடித்துக்கொண்டிருக்கின்றன, 'உயிரோடு இரு' என்ற சிக்னலில் ஒரு முக்கியப் பங்கு அந்தப் பிடி வழியாகத்தான் உள்ளே போகிறது. பிடி விட்டுப்போனால், சத்துக்குக் குறைவே இல்லாவிட்டாலும், செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். அனோய்கிஸ் என்பார்கள். 1997-ல் செல் உயிரியல் விஞ்ஞானி டொனால்ட் இங்பர் இருந்த குழு மிகச் சிறிய ஒட்டும் திட்டுகளை அச்சிட்டு அதில் செல்களை உட்காரவைத்துப் பார்த்தது: விரிந்து உட்கார இடம் கிடைத்தவை பிழைத்தன, குறுகி உட்கார்ந்தவை செத்தன. எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது.

ஆனால் இதைப் படித்ததும் மருந்து கண்டுபிடித்துவிடலாம் என்று அவள் நினைத்தால் கொஞ்சம் அடக்கிவையுங்கள். புற்றுக்கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் இந்தப் பிடியை விடுவிக்கலாம் என்று வந்த சிலெங்கிடைட் மருந்து, மூளைக் கட்டி நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் ஆயுளைக் கூட்டவில்லை, 2014-ல் முடிவு வெளியானது.

வேலை எங்கே என்றால், கையில் செல் கல்ச்சர், அதாவது லேபில் செல் வளர்க்கும் பழக்கம் இருப்பவர்களுக்கு நம் பெங்களூரிலேயே பயோகான், சின்ஜீன் மாதிரி பயோடெக் கம்பெனிகளில் வாசல் இருக்கிறது. அங்கே ஆன்டிபாடி மருந்து தயாரிக்கும் சி.எச்.ஓ. செல்கள் (சைனீஸ் ஹாம்ஸ்டர் என்ற எலியினத்தின் சூலகத்திலிருந்து வந்தவை) எதிலும் ஒட்டாமல் திரவத்தில் மிதந்தே வளரப் பழக்கப்பட்டவை. ஆக, ஒட்டாத செல்லை எப்படி உயிரோடு வைப்பது என்பது ஃபேக்டரிக்காரனுக்கும் கவலைதான்.

பி.எச்.டி.யா வேலையா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். முதலில் ஆறு மாதம் ஒரு லேபில் புராஜெக்ட் செய்யட்டும். டிரிப்சின் என்ற நொதியை ஊற்றி செல்களைத் தட்டிலிருந்து கிளப்ப வேண்டும், மைக்ராஸ்கோப்பில் அவை உருண்டு மிதப்பதைப் பார்த்ததும் உடனே நிறுத்த வேண்டும், அசந்தால் செல்லெல்லாம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் போய் மீடியா (செல்லுக்கான சத்துத் திரவம்) மாற்ற வேண்டியிருக்கும், பூஞ்சை பிடித்தால் மொத்தமும் குப்பை. இது அவளுக்குச் சலிக்கவில்லையென்றால் ஆராய்ச்சிக்கு ஏற்ற ஆள்தான். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. பெங்களூர் வாடகைக்கு அது ஓஹோ என்று சொல்ல முடியாது, ஆனால் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டாம்.

பணம் கட்டி எம்.எஸ்சி. சேர்ப்பதாக இருந்தால் ப்ராஸ்பெக்டஸை நம்பாதீர்கள். செல் கல்ச்சர் ரூமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்: இன்குபேட்டர் 37 டிகிரியில் ஓடுகிறதா, ஃப்ரிட்ஜில் இருக்கும் மீடியா பாட்டிலில் சமீபத்திய தேதி இருக்கிறதா? சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்களானால், அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

நுழைவுத் தேர்வு என்றால், ஐ.ஐ.எஸ்சி. இன்டெக்ரேட்டட் பி.எச்.டி.க்கு (எம்.எஸ்சி.யும் பி.எச்.டி.யும் சேர்ந்தது) ஜாம், ஜி.கே.வி.கே. வேளாண் வளாகம் பக்கம் உள்ள என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஜீபில்ஸ், அரசு உதவி பெறும் எம்.எஸ்சி. பயோடெக் படிப்புகளுக்கு கேட்-பி, மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ஜாம் பிப்ரவரியில் வரும், விண்ணப்பம் முந்தைய செப்டம்பர் வாக்கிலேயே திறந்துவிடும், அதைத் தவறவிடாதீர்கள். வீட்டுக்காரரிடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன்.